அக்காவுக்கு நான் செய்த முகம்

என் அக்கா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவளுடைய மகளுக்கு மூன்றரை வயது. பாப்பாவை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போனாள். சோறு, உடுப்பு, பள்ளிக்கூடம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன் என்று அவளுக்குத் தெரியும். பெட்டியைக் கட்டி முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புள்ள என் மொகத்த மறந்துறக் கூடாதுடி. அத மட்டும் பாத்துக்க."

மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். அவள் கேட்ட அந்த ஒன்றைத்தான் கெடுத்தேன். ஏனோதானோ என்று இருந்து கெடுத்திருந்தால்கூட மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். நானோ முழு மூச்சாக உட்கார்ந்து, படித்து, பழகிக் கெடுத்தேன்.

நாங்கள் இருப்பது லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வரிசையாகக் கட்டிய லயத்துக் காம்பராவில். எனக்கு வேலை தலவாக்கலை டவுனில், போட்டோ கொப்பியும் போன் ரீலோடும் பாஸ்போர்ட் படமும் ஒன்றாக நடக்கிற ஒரு கடையில். போவதற்கு முன்பு அக்கா தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். பாப்பாவின் அப்பா கொழும்பில் ஒரு கடையில் நின்றார். முதல் தீபாவளிக்கு வந்தார், அடுத்ததற்கு வரவில்லை, அதன் பிறகு நாங்களும் கேட்கவில்லை. அவரைப் பற்றி இவ்வளவு போதும்.

அக்கா போய்ச் சேர்ந்த வீட்டில் வேலைக்காரி கெமரா உள்ள போன் வைத்திருக்கக் கூடாது. பட்டன் போன் ஒன்று கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் பத்து நிமிடம் பேசலாம். ஆகவே பாப்பாவுக்கு அம்மாவின் குரல் வாராவாரம் கிடைத்தது. முகம்தான் கிடைக்கவில்லை.

சுவரில் அக்காவின் படங்கள் நான்கு இருந்தன, என் போனில் சில. முதல் வருடம் அவற்றை வைத்தே ஓட்டினேன். பாப்பா ஒரு நாள், அம்மாவுக்கு எப்போதும் அதே சாரிதானா என்று கேட்டாள். கொஞ்ச நாளில் கேட்பதையும் விட்டுவிட்டாள். படத்தை நீட்டினால் தலையைத் திருப்பிக்கொண்டு விளையாடப் போய்விடுவாள். மறப்பது என்பது இப்படித்தான் தொடங்கும்போல என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் கடையில் நான் இந்தப் படம் செய்கிற ஏ.ஐ. பழகியிருந்தேன். பிறந்தநாள் கார்ட்டுக்குக் கேட்பார்கள், கோயில் திருவிழா பேனருக்குக் கேட்பார்கள், செய்து கொடுப்பேன். ஆள் வராத ஒரு மத்தியானத்தில் அக்காவின் படம் ஒன்றை உள்ளே போட்டு, இவள் ஒரு மாடி வீட்டுக் குசினியில் அடுப்புப் பக்கம் நிற்கிற மாதிரி செய் என்று எழுதினேன். செய்தது. சாரி வேறு, இடம் வேறு, முகம் மட்டும் படத்தில் இருந்த அதே முகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் பாப்பாவிடம், அம்மா படம் அனுப்பியிருக்கிறாள் என்று காட்டினேன். அவள் போனை இரண்டு கையாலும் வாங்கினாள். அந்தப் பொய்யை அதற்குப் பிறகு நான் இரண்டு வருடம் சொன்னேன்.

இரண்டாவது படத்திலேயே வில்லங்கம் தொடங்கிவிட்டது. அதே படத்தைப் போட்டு, இப்போது பால்கனியில் நிற்கவை என்றேன். வந்து நின்றது வேறு ஒருத்தி. மூன்றாவதில் அவளுக்கு மூக்குத்தி முளைத்தது, கழுத்து நிறைய நகை வந்தது, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவள் மாதிரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான்காவதைப் பார்த்துவிட்டுப் பாப்பா, இது அம்மாவுடைய தங்கச்சியா என்று கேட்டாள். அம்மாவின் தங்கச்சி நான்தானே, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப் பெண் என்று எழுதியும் பார்த்தேன். எண்பது வயதுக் கிழவி ஒருத்தி, முகமெல்லாம் சுருக்கம், வாயெல்லாம் சிரிப்பு, கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். தேயிலைப் பெட்டியில் ஒட்ட நன்றாக இருக்கும். எங்களைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதானா என்று போனைத் திட்டினேன். போன் என்ன செய்யும், பாவம்.

பிறகு முறையாகப் படித்தேன். ஒரே ஆளை எல்லாப் படத்திலும் ஒரே ஆளாக வைத்திருப்பது தனி வித்தை. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதற்கு வீடியோக்கள் இருக்கின்றன. முதலில் அந்த ஆளுக்கு ஒரு மூலப்படம் வேண்டும்: நேர் முகம், இடப்பக்கம், வலப்பக்கம், மூன்றும் ஒரே வெளிச்சத்தில். பிறகு ஆளைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதி, ஒரு சொல்கூட மாறாமல் ஒவ்வொரு தடவையும் அதையே கொடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். இடத்தை மாற்றினால் சாரியைத் தொடக் கூடாது. நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் அந்த வாக்கியத்தை எழுத உட்கார்ந்தேன்.

நான் செய்த தப்பு அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் படம் பிடிப்பது என்றால் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிற கோலத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். இடுப்பில் சாக்குப் படங்கும் தலையில் கூடைக் கயிறுமாக ஒரு படம் எந்தக் காம்பராச் சுவரிலும் கிடையாது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அப்படி எடுத்துக்கொண்டு போவார்கள், அது அவர்கள் பாடு. நாங்கள் குளித்து, உடுத்தி, ஸ்டூடியோவுக்குப் போவோம். ஸ்டூடியோக்காரர் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கி, தழும்பைத் துடைத்து, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியை வைத்துக் கொடுப்பார். செய்யாமல் விட்டால்தான் சண்டை. கடையில் நானும் அதைத்தான் செய்கிறேன். பாஸ்போர்ட் படத்தைக்கூடக் கொஞ்சம் துடைத்துத்தான் கொடுப்பேன். எங்களுக்கு அது ஒருவருக்குச் செய்கிற மரியாதை.

அக்காவின் நான்கு படங்களும் அப்படித் துடைத்தவை. என் போனில் இருந்தவையும் முகத்தை மினுக்குகிற ஃபில்டரில் எடுத்தவை. உண்மையான அக்கா நல்ல கறுப்பு. மழை நாளில் மலையில் வழுக்கி விழுந்து முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. கூடைக் கயிறு பன்னிரண்டு வருடம் அழுத்தியதில் நெற்றிக்கு மேலே முடி தேய்ந்து, ஒரு விரல் அகலத்துக்குத் தடம் விழுந்திருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? எழுதும்போது ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றாக விட்டேன். பிள்ளை தன் அம்மாவைப் பார்க்கப் போகிறாள், அவளிடம் போய் உடைந்த பல்லையும் கயிற்றுத் தடத்தையும் காட்டுவார்களா என்று நினைத்தேன். மாநிறம், வரிசைப் பல், அடர்ந்த முடி என்று எழுதினேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சொன்னபடி வந்தது. குசினியில் அம்மா, பால்கனியில் அம்மா, கடற்கரையில் அம்மா. வெள்ளிக்கிழமை குரல் வரும், சனிக்கிழமை படம் வரும். பாப்பாவுக்கு எந்தப் படம் பிடிக்கிறதோ அதையே அடுத்த வாரத்துக்கு மூலப்படமாக வைத்தேன். அப்போதுதான் அவள் ஆசையாகப் பார்ப்பாள் என்று ஒரு புத்தி. ஒரு படத்தில் கன்னத்தில் குழி விழுந்திருந்தது. அக்காவுக்குக் கன்னத்தில் குழி கிடையாது. பாப்பா அந்தக் குழியில் விரலை வைத்துச் சிரித்தாள். அடுத்த வாரத்திலிருந்து குழி நிரந்தரமாகிவிட்டது. கண் கொஞ்சம் பெரிதானது அப்படித்தான், நெற்றி சின்னதானதும் அப்படித்தான். பாப்பா தேர்ந்தெடுத்தாள், நான் செய்து கொடுத்தேன்.

அக்கா போனில் ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்பாள், புள்ளைக்கு என் மொகம் ஞாபகம் இருக்கா என்று. வாராவாரம் படம் பார்க்கிறாளே அக்கா என்பேன். பாப்பா போனில் படத்தைப் பற்றிச் சொன்னாலும், பழைய படங்களைக் காட்டுகிறேன் என்றே அவள் நினைத்துக்கொண்டாள். விளக்கமாகச் சொல்லப் பத்து நிமிடம் போதாது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அக்காவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள் ஒருத்தி பக்கத்துக் காம்பராவில் இருக்கிறாள். ஒரு நாள் பாப்பா அவளிடம் போனைக் காட்டினாள். அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இது யாரு, டீவியில் வருகிற பிள்ளையா என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டுங்கள், மூன்று வருடத்தில் கூட வேலை செய்தவளையே தெரியவில்லையா என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசினேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் கண்ணை மூடி அக்காவை நினைத்துப் பார்த்தேன். கன்னத்தில் குழியோடு ஒருத்தி வந்தாள். மறுபடி நினைத்தேன், மறுபடியும் அவள்தான் வந்தாள். ஆனாலும் அந்தச் சனிக்கிழமையும் ஒரு படம் செய்தேன். பிள்ளை காத்துக்கொண்டிருந்தாளே.

ஒப்பந்தம் முடிந்து அக்கா இரண்டு மாத லீவில் வந்தபோது பாப்பாவுக்கு ஏழு வயது நெருங்கியிருந்தது. வேன் லயத்து வாசல் வரை வராது; மேல் ரோட்டில் நிற்கும். நாங்கள் இரண்டு பேரும் அங்கே போய் நின்றோம். பாப்பா புது கவுன் போட்டிருந்தாள். வேன் கதவு திறந்தது, அக்கா இறங்கினாள். இன்னும் கறுத்து, எலும்பும் தோலுமாக இருந்தாள்; பாதியாக இருந்த பல் முழுதாகப் போய் அந்த இடம் வெறுமையாக இருந்தது. கையை நீட்டிக்கொண்டு பாப்பாவிடம் வந்தாள். பாப்பா மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டு, அவளைத் தாண்டிப் போய் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே டிரைவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

கூச்சம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் பாப்பா தானாகவே அக்காவிடம் போனாள். அக்காவின் முகம் மலர்ந்தது. பாப்பா என் போனைத் திறந்து, இதுதான் எங்கள் அம்மா என்று ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். அக்கா அவசரப்படாமல் எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு பாப்பாவிடம் சொன்னாள்.

"நல்லா இருக்காங்க."

என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. திட்டுவாள் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால் அவள் காலில் விழுந்து அழுதிருப்பேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

ஒரு விஷயத்தை அக்காவேதான் கண்டுபிடித்தாள். அவள் குசினிக்குள் இருந்துகொண்டு பேசினால் பாப்பா முன்காம்பராவில் இருந்து பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, யார் யாரைத் தள்ளிவிட்டார்கள் என்று வெள்ளிக்கிழமை போனில் சொல்வது மாதிரியே எல்லாம் சொல்வாள், சிரிப்பாள். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். இரண்டு மூன்று தடவை அப்படி நின்றது. அதன் பிறகு அக்கா வெளியே வருவதை விட்டுவிட்டாள். அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவாள். குசினியில் செய்ய வேலை எதுவும் இருக்காது, வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் தண்ணீர் பிடிக்கிறேன் என்று வெளியே போய்விடுவேன்.

நான் கெடுத்ததை நானே திருத்துகிறேன் என்று கிளம்பினேன். அக்காவைச் சன்னல் ஓரம் உட்காரவைத்து நேர் முகம், இடப்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று படம் எடுத்தேன். அவள் போவதற்கு முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டியவை. என் திட்டம் இதுதான்: பாப்பாவின் அம்மாவை ஒரு நாளைக்குக் கொஞ்சமாக அக்காவின் பக்கம் நகர்த்துவது. முதலில் குழியை எடுப்பது, பிறகு நிறம், பிறகு முடி, கடைசியில் பல். பிள்ளைக்குத் தெரியாமலே லீவு முடிவதற்குள் கொண்டுவந்து சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

நடக்கவில்லை. முன்பல் இல்லை என்று எழுதினால் அந்தச் சனியன் வாயை மூடி வைத்துவிடும். வாயைத் திற என்றால் முப்பத்திரண்டு பல்லும் பளபளக்கும். கறுப்பு என்று எழுதினால் வேறு ஏதோ கண்டத்துப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தும். கயிற்றுத் தடத்தை என்ன சொல் போட்டு எழுதினாலும் அங்கே நெற்றிச்சுட்டி வைத்துவிடும். எப்படியோ ஒன்றிரண்டு கொஞ்சம் அக்காவின் சாயலில் வந்தன. பாப்பா அவற்றைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். இந்தப் படம் பழுதாகிவிட்டது சித்தி, பழைய அம்மாவைப் போடுங்கள் என்றாள்.

லீவு முடியப் பத்து நாள் இருக்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, இதெல்லாம் அம்மா அனுப்பியது இல்லை, சித்தி கடையில் இருந்து செய்தது என்றேன். அவள் நம்பவில்லை. அவள் கண் முன்னாலேயே ஒன்று செய்து காட்டினேன். கொப்பியில் இருந்த வாக்கியத்தைப் போட்டதும் திரையில் புகை மாதிரி ஏதோ கலங்கி, அதிலிருந்து அவளுடைய அம்மா குழி விழச் சிரித்துக்கொண்டு வந்தாள். பாப்பா என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப எங்கம்மா எங்க?"

அக்கா நாலடி தள்ளிக் குசினியில்தான் நின்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், இதோ இருக்கிறாளே, இதுதான் உன் அம்மா என்று காட்டினேன். என் குரல் ஏறிவிட்டது, பிள்ளையை அதட்டியேவிட்டேன். பாப்பா கையை உதறிக்கொண்டு ஓடிப்போய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டாள். அன்றும் மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. அக்கா என்னை வெளியே கூப்பிட்டு, புள்ளையைக் கொல்லாதே, அன்றைக்குச் சொன்னது சும்மா விளையாட்டுக்கு என்று சொல்லிவிடு என்றாள். நான் மாட்டேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் போய்ச் சொன்னேன். பாப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

அக்கா திரும்பிப் போனாள். ஏன் போக வேண்டியிருந்தது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்கு விளக்கி என்ன ஆகப் போகிறது. மேல் ரோடு வரை பாப்பாவும் வந்தாள். போயிட்டு வாங்க ஆன்ட்டி என்று நல்லபடியாகக் கை காட்டினாள். நான் சொல்லிக் கொடுக்காமலே காட்டினாள்.

இந்த முறை வேறு வீடு. நல்ல மனுசர்களாம், போன் வைத்துக்கொள்ள விடுகிறார்கள், கெமரா உள்ள போன். நினைத்த நேரம் முகம் பார்த்துப் பேசலாம். மூன்று வருடமாக எதற்கு ஏங்கினோமோ அது கிடைத்துவிட்டது. முதல் வெள்ளிக்கிழமை கோல் வந்தது. வீடியோவைப் போடவா என்று நான் கேட்டேன். வேண்டாம், கொரலு போதும் என்றாள். நான் போனைப் பாப்பாவிடம் கொடுத்தேன்.

பாப்பா துள்ளிக் குதித்துக்கொண்டு பேசினாள். சொல்ல அவளிடம் இரண்டு மாதக் கதை இருந்தது. "ஒரு ஆன்ட்டி வந்து நம்ம வீட்டுல இருந்தாங்கம்மா. ஒன்னோட கொரலு மாதிரியே பேசுவாங்க. பாவம்மா அவங்க." அந்தப் பக்கத்தில் இருந்து அக்கா, அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. அவங்களுக்கு நல்லா சாப்பாடு குடுத்தீங்களா என்றுகூட விசாரித்தாள்.

பாப்பா விளையாடப் போன பிறகு போனை வாங்கினேன். அக்காதான் பேசினாள்.

"அந்தப் படத்துல ஒன்னு எனக்கு அனுப்புடி."

எதற்கு அக்கா என்று கேட்டேன்.

"அடுத்த தடவ வாரப்ப கொஞ்சமாச்சும் அது மாதிரி வந்து எறங்கணும்ல."

பாப்பாவுக்கு ரொம்பப் பிடித்த படத்தையே அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பிறகு அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.